விசாகப் பாயசமும் கன்றின் பங்கும்

விசாகப் பௌர்ணமியன்று, போதிசத்துவருக்குச் சுஜாதை அளித்த பாற்சோற்றை நினைந்து நம்மவர் பாயசம் வழங்குவர். அதிற் பாலே வேண்டும் என்பார் சிலர். கன்றின் பங்கைப் பறித்துக் கருணாமூர்த்தியின் பேரால் வழங்குவதோ என்பார் வேறு சிலர். போளியின்மேற் பால்பாயசம் ஊற்றி உண்ணும் திருவனந்தபுரத்தில் இவ்வினா எளிதன்று. பாலைக் குறுக்கப் பொழுதில்லாதார், சர்க்கரையிட்டுச் சுண்டக் காய்ச்சிய டின்பாலையே ஊற்றி விடுகின்றனர்.

பகவன் பாலை விலக்கினாரல்லர். பால், தயிர், நெய் ஆகியவற்றை விநயம் பிக்குகளுக்கு அனுமதிக்கின்றது. புலால் மறுத்தலைச் சங்கத்தார் அனைவர்க்கும் கட்டாயமாக்குக என்று தேவதத்தன் கேட்டபோதும் பகவன் இசையவில்லை. ஆகவே, பால் பருகுவோன் முதற் சீலத்தை மீறினான் என்றுரைக்க நமக்கு அதிகாரமில்லை.

ஆயினும் நம் நூல்கள் இவ்விடத்தில் எத்துணைக் கூச்சம் காட்டுகின்றன என்பதை நோக்குக. சுஜாதை கலத்தை மடியின்கீழ் வைத்த அளவிலே பால் தானே பெருகிற்று என்கிறது சாதக அட்டகதையின் முன்னுரை. மணிமேகலையிலோ, தாயால் கைவிடப்பட்ட குழவியாகிய ஆபுத்திரனுக்குப் பசு தானே வந்து ஏழு நாள் பாலூட்டியது. அவன் வளர்ந்து, வேள்விக்குக் கட்டிய பசுவை விடுவித்து அடியுண்டான். இரண்டிடத்தும் பசு கொடுத்தது. எவரும் வலிந்து கறக்கவில்லை. இன்றைய பால் வாணிகத்திலோ கறவை வற்றாதிருக்கப் பசுவை மீண்டும் மீண்டும் கன்றீனச் செய்தல் வேண்டும். பிறப்பது காளைக்கன்றாயின் அதன் கதி என்ன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேறு வழியுள்ள ஊரில் இத்துன்பத்திற்கு விலை கொடுப்பானேன்?

வழியோ நம் அடுக்களையிலேயே உள்ளது. அடைப்பிரதமன் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் விளைவதே. போளிக்கு வெண்ணிறப் பாயசம் வேண்டுவோர், இரண்டு கோப்பை முதற்பாலில் அரைக் கோப்பை சர்க்கரையிட்டு, இளந்தீயில் இடைவிடாது துழாவிப் பாதியாகச் சுண்டவைக்கலாம். தீ மிகுந்தால் எண்ணெய் பிரிந்துவிடும். ஆறியபின் தானே இறுகும். முந்திரி விழுதும் உதவும். ஆனால், முந்திரியோட்டின் எண்ணெய் கொல்லத்துத் தொழிற்பெண்டிரின் விரல்களைப் புண்ணாக்கிய கதையை அறிந்தோர், அதனைத் துன்பந் தோயாத உணவென்று மார்தட்டார்.

நாம் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. பால் தொடாமை நாளை ஓர் ஆசாரமாகி, தொடுவோரைத் தாழ்த்தும் கருவியாகலாம். உணவைக் கொண்டு மேல் கீழ் வகுத்த கொடுமையை நம் முன்னோரினும் அறிந்தவர் யார்? திருவிதாங்கூர் அரசின் கோயிற் கதவுகள் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வரை அவர்க்கு அடைபட்டிருந்தன. கொச்சி நாட்டுச் சேராயியில் 1917ஆம் ஆண்டு, தீண்டாதார் எனப்பட்டோரோடு ஒருங்கிருந்து உண்ணும் பந்தியை நடத்தியமைக்காகச் சகோதரன் ஐயப்பனை அவருடைய சாதியாரே இழிபெயரிட்டு அழைத்தனர்; அவரோ அதனைப் பெருமையாகவே ஏற்றார்.

ஆதலின் விசாகப் பந்தியில் தேங்காய்ப்பாற் பாயசத்தையே பொதுவில் வைப்போம். ஆவின் பாலிற் பழகிய முதியவரோ நோயாளரோ கேட்பின், அவர்க்கென ஒரு குவளை காய்ச்சித் தருவோம். அவரும் அதே வரிசையில், நம் அருகிலேயே அமர்வார்.