பக்கவாத்தியம் வாசித்த வித்துவான்

துறை போன வித்துவான் ஒருவர், ஜனரஞ்சகப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியக்காரராய் அமர்வது தாழ்வா? அன்பான வாசகர்களே, இது சங்கீத ரசிகர்களின் வெறும் சச்சரவு என்று தள்ளிவிடாதீர்கள். ஒருவனுடைய திறமை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இதனுள்ளே இருக்கிறது.

அமெரிக்கப் பியானோ மேதை ஹேர்பி ஹான்கொக் 1940இல் சிக்காகோவிற் பிறந்தவர். பதினொரு வயதிலேயே அந்நகரின் சிம்பொனி வாத்தியக் குழுவோடு மொஸார்ட்டின் இசையை வாசித்தவர். 1963இல் மைல்ஸ் டேவிஸ் என்ற எக்காள மேதை அவரைத் தமது ஐவர் குழுவிற் சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய ஜாஸ் இசை, வாசிக்கும்போதே கற்பனையால் விரிந்து செல்வது. நம்மவர் மனோதர்மம் என்பார்களே, அதற்குச் சற்று உறவானது.

அப்படிப்பட்டவர் 2005இல், தமது அறுபத்தைந்தாம் வயதில், ‘சாத்தியங்கள்’ எனப் பொருள்படும் ‘பொசிபிளிற்றீஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பத்துப் பாடல்கள். கிறிஸ்ரினா அகிலேரா, போல் சைமன், ஸ்ரிங், அனி லெனொக்ஸ், கார்லொஸ் சந்தானா என்று வந்த விருந்தினரிற் பெரும்பாலோர் பொப், றொக் உலகத்தவர். ஸ்ரார்பக்ஸ் கோப்பிக் கடைகளிலும் இசைத்தட்டு விற்பனைக்கு வைக்கப்பட்டது.

ஜாஸ் அபிமானி ஒருவர் இதைக் கண்டு மனம் நொந்தாரெனில் அவரை நாம் ஏளனஞ் செய்யலாகாது. அருமையாகக் காக்கப்பட்ட ஒன்று கோப்பிக் கோப்பையின் அருகே பின்னணி ஓசையாகிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. விற்பனையை எண்ணியே கலையின் கூர்மையை மழுக்குபவர்கள் எத்துறையிலும் உண்டு. ஆனால் யாரோடு அமர்ந்தார் என்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல இயலுமா? அமர்ந்த இடத்தில் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டாமா?

இங்கே பழைய சம்பவமொன்றை நினைவுகூர வேண்டும். ஹான்கொக் தாமே பலமுறை சொன்னது. அறுபதுகளில் ஸ்ரொக்ஹோம் நகரில் ஒரு கச்சேரி. மைல்ஸ் டேவிஸ் தமது வாசிப்பின் உச்சத்தில் இருந்தபோது, இளைஞரான ஹான்கொக் முற்றிலும் பொருந்தாத சுரக்கூட்டொன்றைப் பியானோவில் அழுத்திவிட்டார். எல்லாம் பாழாயிற்று என்று அவர் நடுங்கினார். டேவிஸ் ஒரு கணம் தரித்து, பின் சில சுரங்களை ஊதினார். அச்சுரங்கள் சேர்ந்ததும் பிழை பொருத்தமாகிவிட்டது! டேவிஸ் அதைப் பிழையாகவே கேட்கவில்லை. நிகழ்ந்துவிட்ட ஒன்றாக ஏற்று, அதற்கு இசைவானதைத் தேடினார் என்பது ஹான்கொக் பிற்காலத்திற் கண்ட விளக்கம். 2014இல் வெளிவந்த தமது சுயசரிதையை இந்த நிகழ்ச்சியோடுதான் தொடங்குகிறார். அந்நூலுக்கு இட்ட பெயரும் அதே ‘சாத்தியங்கள்’.

அவ்விரவில் பக்கவாத்தியக்காரனை வித்துவான் தாங்கினார். தாங்கப்பட்டவர் பின்னர் வித்துவானாகித் தமது மேடைக்குப் பிறரை அழைக்கும்போது, ஜாஸ் தெரிந்தவர் மட்டும் வாருங்கள் என்று சொல்வாரா?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பெரியவர் குனிவதிலும் ஒருவகைச் செருக்கு உண்டு. ‘இவர்களுக்கு இது போதும்’ என்று திறமையின் அரைவாசியைப் பெட்டியிற் பூட்டிவிட்டு வருவது தாழ்மையன்று, அவமதிப்பு. இந்த இசைத்தட்டின் எல்லாப் பாடல்களும் ஒரே தரமானவை என்று நான் சொல்லமாட்டேன். சிலவற்றில் பியானோவைத் தேடவேண்டியிருக்கிறது. ஆனால் அகிலேராவின் பாட்டைக் கேளுங்கள். அவருடைய பெருங்குரலைப் பியானோ அடக்கவும் இல்லை, அதற்குப் பயந்து ஒதுங்கவும் இல்லை.

இன்னொரு பாடல். 1984இல் ஸ்ரீவி வொண்டர் தாமே இயற்றிப் பாடி உலகமெங்கும் ஒலித்த பாட்டு அது. இங்கே அதைப் பாடுபவர் ராவுல் மிடோன். ஹான்கொக் அதன் நடையைத் தளர்த்தி, பழகிய மெட்டின் அடியில் புதிய சுரக்கூட்டுகளை வைக்கிறார். பாட்டுக்கு உரியவரான வொண்டரும் அந்தப் பதிவில் இருக்கிறார். ஆனால் பாடவில்லை. கையில் ஒரு மவுத் ஓர்கனோடு, இன்னொருவர் குரலுக்கு இடையே வாசிக்கிறார்.