மலைக்கும் அருவிக்கும் போகிற குடும்பங்களுக்கு



ஊர் ஊராய்ப் போதித்துக் களைத்துத் திரும்பிய அப்போஸ்தலரை ஆண்டவர் மறுபடியும் வேலைக்கு விரட்டவில்லை. தனிமையான ஓரிடத்தில் சற்று இளைப்பாறும்படி அழைத்தார் என்று மாற்கு சுவிசேஷம் 6-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே, கிழமை முழுவதும் கொழுந்துக் கூடையும் இறப்பர் பால்வாளியும் சுமந்தவர்கள், ஒரு போயா விடுமுறையில் வேன் பிடித்து, பிள்ளைகுட்டிகளோடு குருவிட்டை போபத் எல்லைக்கோ கித்துல்கல ஆற்றுக்கோ போவதை நாம் குறை சொல்லமாட்டோம். லயத்துக் காம்பராவில் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு அருவிக் காற்றே மருந்து.

ஆனால் போகிற இடம் யாருடையது? சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு 1940-ல் சரணாலயமாக்கப்பட்டது. 2010-ல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. களனி, களு, வளவை ஆகிய கங்கைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது அந்தக் காடே. டிசம்பர் போயா முதல் வெசாக் வரையில் பலாபத்தல வழியாகவும் நல்லதண்ணி வழியாகவும் திரள்திரளாய் மக்கள் ஏறுகிறார்கள். அயலவரோடு நம்மவரும் போகிறார்கள். அங்கே வீசிய சோற்றுப் பார்சலின் பொலித்தீனை, உப்பு ருசிக்காக மரை விழுங்கும். அது செரிக்காது, குடலை அடைத்துக் கொல்லும். மிச்சச் சோறு போட்டுக் குரங்கைப் பழக்கினாலோ, நாளை அது லயத்துக் கூரையில் ஏறி நிற்கும்.

உபாகமம் 22-ம் அதிகாரத்தில் சிறியதொரு கட்டளை உண்டு. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுக்கலாம், தாயையோ போகவிட வேண்டும் என்பது அதன் கருத்து. கூட்டருகே போகவே கூடாதென்று இறைவன் தடுக்கவில்லை. அனுபவிக்க விட்டு, எல்லையும் வைத்தார். தாயையும் பிடித்துவிட்டால் அடுத்த வருஷம் கூடு ஏது?

இன்னொன்றும் சொல்லவேண்டும், சிலருக்குக் கசக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் நாய்களோடு வேட்டைக்குப் போவதும், பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைப்பதும் சில வாலிபருக்குப் பொழுதுபோக்கு. மரக்கறிப் பாத்தியைப் பன்றி உழுதுவிடுகிற கஷ்டம் மெய்தான். ஆயினும் சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், இலங்கையில் மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் பிழைக்கவில்லை.

இந்தப் போதனை தோட்டத்து ஏழைக்கு மட்டுமா? கொழும்பிலிருந்து காரில் வந்து கித்துல்கலவில் படகு விட்டுப் போத்தலை வீசுகிறவருக்கும் இதுவே. ஒவ்வொரு படைப்புக்கும் இறைவன் முன் அதற்கென்றே ஒரு மதிப்புண்டு என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் தமது சுற்றுமடலில் போதித்தது எல்லாருக்குமாகவே.

அடுத்த பயணத்துக்குச் சோற்றை வாழையிலையில் கட்டுங்கள். பாட்டுப் பெட்டியை வீட்டிலே விடுங்கள். வெறுஞ் சாக்கு ஒன்றும் எடுத்துப் போங்கள். திரும்புகையில் அந்தக் குப்பைச் சாக்கை யார் மடியில் வைப்பதென்று பிள்ளைகள் வேனுக்குள் சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.