பாதிப் பெயர்

லெம்பா பெர்த்தாமைச் சுற்றி இருப்பதெல்லாம் பெரும்பாலும் கருங்கல் மலை. உருகிய குழம்பு ஆறி இறுகிய பாறையில் சிப்பி எங்கே தங்கும்? அதற்கு மேற்கே இறங்கி, கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைக்குப் போக வேண்டும். கம்பாரில் ஹெச். எஸ். லீ ஈய லம்பத்தில் வெளிப்பட்ட கடல் நத்தைகளைப் பற்றி ரோஜர் பேட்டன் 1972இல் எழுதினார். பெர்மியன் காலம்; 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

குழுவாகப் போன எங்களுக்கும் ஒரு சுருள் கிடைத்தது. "அம்மோனைட்!" என்றார் ஒருவர். அம்மோனைட் என்றால் ஓட்டுக்குள் குறுக்கே தடுப்புச் சுவர்கள் வரிசையாக இருக்கணும். உடைந்த பக்கத்தில் ஒன்றுகூட இல்லை, ஒரே குழாய். நத்தையாகத்தான் இருக்கணும். பெல்லெரோபோன் இப்படித்தான் இரு பக்கமும் சமமாகச் சுருண்டு ஆளை ஏமாற்றும். ஆனால் வாய்ப்பகுதி உடைந்துபோன கல்லை வைத்துக்கொண்டு அதுதான் என்று எப்படிச் சொல்வது?

"ஏதாச்சும் பேரு போடுங்கண்ணே, பேரில்லாத கல்ல யாரு பாப்பா?"

நியாயமான கேள்விதான். பெயரில்லாதது அலமாரி மூலையில் தூசி தின்னும். ஆனால் தப்பான பெயர் அடுத்தவர் பட்டியலுக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. தோட்டத்தில் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயரோடுதான் என் பாட்டி கடைசிவரை ஐ.சி. வைத்திருந்தார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சீட்டில் எழுதினேன்: "நத்தை. பெல்லெரோபோனோடு ஒப்பிடுக." கீழே இடம், தேதி, பாறை. தம்பிக்கு இன்னும் கோபம்.