வலிப்பும் வினையும்

குழந்தைக்கு வலிப்பு வந்ததும் பல வீடுகளில் இது யார் செய்த பாவம் என்ற பேச்சு எழுகிறது. முன்வினை, தெய்வக் குற்றம், காற்றுக் கருப்பு என்று விடைகளும் உடனே வந்துவிடுகின்றன. இந்த விடைகளை இறைநம்பிக்கையின் பெயராலேயே மறுத்தவர்கள் உண்டு.

கி.மு. 400ஐ ஒட்டி, ஹிப்போகிரட்டீஸ் மரபில் ஒரு கிரேக்க நூல் எழுந்தது. அக்காலத்தில் வலிப்புக்குப் புனித நோய் என்று பெயர். மற்ற நோய்களைவிட இதில் தெய்வீகம் ஏதும் கூடுதலாக இல்லை, இது மூளையில் பிறப்பது என்றார் அதன் ஆசிரியர். அவர் கடவுளை மறுக்கவில்லை. தூய்மையே உருவான தெய்வம் மனித உடலை மாசுபடுத்தும் என்று நினைப்பதுதான் அவருக்குப் பக்தியின்மையாகப் பட்டது.

திருச்சிக்கு அருகிலுள்ள திருவாசியில் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. முயலகன் நோயால் துன்புற்ற தன் மகளைச் சிற்றரசன் கொல்லி மழவன் கோயிலில் கிடத்தியிருந்தான் என்றும், சம்பந்தர் பதிகம் பாட அவள் எழுந்தாள் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அந்நோயை வலிப்பு என்றே பலரும் கொள்கின்றனர். பதிகத்தில் அவளுடைய வினை விசாரிக்கப்படவில்லை. ஒரு பெண்ணை இப்படி வாட வைப்பது இவருக்குப் பெருமையா என்று சிவனைக் குறித்தே கேட்கப்படுகிறது. துன்புறும் குழந்தைமீது குற்றம் சுமத்தாத பக்தி இது.

குற்றத்தைத் தேடுவதை விட்டால்தான் காரணத்தைத் தேட முடியும். மூளை நரம்பணுக்களின் மின்னோட்டம் திடீரென வரம்பு மீறுவதால் வலிப்பு வருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வருவது பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். காய்ச்சல் போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வந்தால் அது வலிப்பு நோய். கைகால் இழுக்காமல், சில நொடிகள் வெறித்துப் பார்ப்பதாக மட்டுமே வரும் வகையும் உண்டு. பள்ளியில் அதைக் கவனக்குறைவு என்று கண்டிப்பார்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை சீராக இருந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. நேரில் பார்த்தவரின் விவரிப்பும் கைப்பேசிக் காணொளியும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

சரியான மருந்தால் சுமார் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும். மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவை சிகிச்சையோ, கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்த கீட்டோஜெனிக் உணவோ உண்டு. பட்டினி கிடந்தால் வலிப்பு குறையும் என்ற பழைய அனுபவத்திலிருந்து 1921இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வகுத்த உணவு முறை அது.

பழிச்சொல்லை நீக்குவது மருந்தைவிடக் கடினம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் வந்த திருத்தம் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக்கியது. 1999இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது.

பெற்றோர் நேர்ந்துகொள்ளட்டும், திருநீறு பூசட்டும். ஆனால் வலிப்பு வரும்போது கையில் இரும்பைத் திணிக்காமல் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்; ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.