ஓசையும் அறமும்

பேரொலி எழுப்பும் இசையைப் பண்பாட்டின் பகையெனக் கூறுவோர் உளர். செவியைப் பிளக்கும் முழக்கமும், கரிய உடையும், இருளைப் பாடும் பாடலும் அவர் காட்டும் சான்றுகள். புறத்தோற்றத்தைக் கொண்டு அறத்தை அளத்தல் தகுமோ?

'ஹெவி மெட்டல்' இசையின் முன்னோடியான 'பிளாக் சபாத்' குழு, ஆலைகள் மிகுந்த பர்மிங்காம் நகரில் 1968ஆம் ஆண்டு தோன்றியது. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தம் 17ஆம் வயதில் ஆலை இயந்திரத்தில் வலக்கை விரல் நுனிகள் இரண்டை இழந்தவர். நெகிழியை உருக்கி விரலுறை செய்துகொண்டு அவர் மீண்டும் நரம்பை மீட்டினார். பின்னர் விரல் நோகாதிருக்க நரம்புகளையும் தளர்த்தினார். அதனாற் பிறந்த கனத்த ஒலியே அவ்விசையின் அடையாளமாயிற்று.

2025 ஜூலை 5 இரவு, அந்நகரின் வில்லா பார்க் திடலில் அக்குழு இறுதியாக இசைத்தது. நடுக்குவாத நோயால் நலிந்த ஓசி ஓஸ்போர்ன் அரியணையில் அமர்ந்தவாறே பாடினார். ஏறத்தாழ 40,000 பேர் உடன் பாடினர். 17 நாளில் அவர் மறைந்தார்.

அந்நிகழ்ச்சியின் வருவாய் அறப்பணிக்கென ஒதுக்கப்பட்டது. எனினும், ஈகை மட்டுமே ஒரு கலையை நல்லதாக்கிவிடாது. துன்பத்தை மறைக்காது உரத்துச் சொல்லி, கேட்போரைத் தனிமையினின்று மீட்பதே அதன் அறம். ஒலி மிகின் செவி கெடும். அளவு காத்தல் கடமையே. ஆயினும் அளவின் குற்றத்தைக் கலையின் குற்றமாக்கலாகாது. மாணவன் விரும்பும் இசையைப் பழிக்குமுன், அதனை ஒருமுறையேனும் செவிமடுத்தல் ஆசிரியர்க்கு அழகு.