பழைய சப்பாத்தும் புதிய செருப்பும்

உங்கள் வீட்டுக் கதவின் பின்னால் கிடக்கும் பழைய சப்பாத்துக்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மேற்பாகம் கிழிந்திருக்கும், தையல் விட்டிருக்கும். அடிப்பாகமோ இன்னும் ஈராண்டு நடக்கப் போதுமானதாயிருக்கும். பழுதானது பாதி, எறியப்படுவது முழுவதும்.

மும்பை நகரில் ஸ்ரியான்ஸ் பண்டாரி, ரமேஷ் தாமி என்னும் இரு ஓட்ட வீரர்களுக்கு இதுவே உறுத்தலாயிற்று. ஓட்டப் பயிற்சி செய்பவர் ஆண்டொன்றில் பல சோடிகளைத் தேய்த்து முடிப்பவரல்லவா? பண்டாரி அப்போது கல்லூரி மாணவர். 2013 இல் இருவரும் ‘கிரீன்சோல்’ என்ற முயற்சியைத் தொடங்கினர். கழித்த சப்பாத்துக்களைச் சேகரித்து, மேற்பாகத்தைப் பிரித்தெடுத்து, அடியைச் சுத்தம் செய்து வெட்டி, வார் பூட்டிச் செருப்பாக்கினர். கம்பெனிகள் செலவை ஏற்க, வெறுங்காலுடன் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அவை இலவசமாகச் சென்றன. வெறுங்கால் சிறு குறையன்று. கொழுக்கிப் புழுவின் குடம்பி மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்தே உடலுள் நுழைகிறது. பின் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிப் பிள்ளையைச் சோகை பிடிக்கச் செய்கிறது.

நல்ல காரியந்தான். ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாம் கழித்ததை ஏழைக்குக் கொடுப்பது தருமமா, அவமதிப்பா?

2004 இல் ஆழிப்பேரலை வந்தபோது நான் குருமட மாணவன். நிவாரணப் பொதிகளைப் பிரிக்கும் வேலை எனக்கு. ஒரு பொதியில் ஒற்றைச் சப்பாத்தும், குதி உயர்ந்த செருப்பொன்றும் இருந்தன. வீட்டைக் கடலுக்குக் கொடுத்திருந்த ஒரு தாய் அச்செருப்பைக் கையிலெடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டார். அனுப்பியவர் தீயவரல்லர். தம் வீட்டைத் துப்புரவாக்கினார், அவ்வளவே.

மும்பை இளைஞர்களின் வழி வேறு. அங்கே பழையதின்மேல் ஒரு மனிதனின் உழைப்பு விழுகிறது; பெறுபவனின் கால் நினைக்கப்படுகிறது. மேலும், இதே முறையில் செய்த செருப்புக்களை அவர்கள் விலைக்கும் விற்றார்கள். பணம் கொடுத்து அணிய ஒருவர் வெட்கப்படாததை இலவசமாய் அணியப் பிள்ளை ஏன் வெட்கப்பட வேண்டும்? என் மனம் ஆறிய இடம் அது.

முழுதும் ஆறிற்றென்று சொல்லமாட்டேன். நான்காம் நூற்றாண்டில் செசாரியாவின் ஆயராயிருந்த புனித பசிலியார், வீட்டில் உக்கிப்போகும் சப்பாத்து வெறுங்காலனுக்கு உரியது என்று போதித்தார். அவர் பேசியது கிழிந்ததைப் பற்றியல்ல, போடாமல் பூட்டிவைத்ததைப் பற்றி. கொடுப்பது இரக்கமல்ல, கடன் தீர்ப்பதே என்பது அவர் கணக்கு. அக்கணக்கில் நாம் எங்கே நிற்கிறோம்? பழையதை வாங்கிக்கொள்ள யாரோ இருக்கிறார்கள் என்றதும், மனச்சாட்சி உறுத்தாமல் இன்னொரு புதிய சோடி வாங்கிவிடுகிறோம். குறை அந்த இளைஞர்களிடமில்லை.

கால் வளர்ந்ததால் சிறுத்துப்போன, இன்னும் கிழியாத சோடியொன்று உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அதைத் துடைத்து, மை பூசி, கயிறுகளைக் கோத்து, அளவு தெரிந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே கொண்டுபோவதானால், அதை மும்பைக்கு அனுப்ப வேண்டியதில்லை.