ஊன்றுகோலோடு இறங்குகிறவர்கள்

மொன்றியலில் றோயல் மலைச் சரிவில் நிற்கிறது புனித சூசையப்பர் திருத்தலம். அதன் நேர்த்திச் சிற்றாலயத்தில், தூண்களுக்கு நடுவே மர ஊன்றுகோல்கள் நெருக்கமாகத் தொங்குகின்றன. சுகம் பெற்றவர்கள் விட்டுப்போனவை. மெழுகுதிரி வெளிச்சத்தில் அவற்றை அண்ணாந்து பார்க்கும் விசுவாசிக்கு நெஞ்சு இளகும். ஆனால் வெளியே 99 மரப்படிகளையும் முழந்தாளில் ஏறி, அழுது செபித்து, ஊன்றுகோலோடே இறங்கிப் போனவர்களும் உண்டு. அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் எந்தச் சுவரிலும் இல்லை. இறை இரக்கம் அவர்களை மட்டும் கடந்து போய்விட்டதா?

"விசுவாசம் போதாது" என்று சொல்லிவிடுவது எளிது. செபக்கூட்டங்களில் அப்படிச் சொல்லவும் செய்கிறார்கள். போரில் பிள்ளையைப் பறிகொடுத்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு தாயிடம், "எல்லாம் கடவுள் சித்தம்" என்கிறார்கள். அந்தத் தாயே தன் இழப்பைக் குறித்து அப்படிச் சொன்னால் அது செபம். பிள்ளையை இழக்காதவர் சொன்னால் அது கொடுமை. விவிலியத்தில், துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நண்பர்கள்தான். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள்.

இந்தத் திருத்தலத்துக்கு வித்திட்ட சகோதரர் அந்திரேயின் வாழ்க்கையை இங்கே நினைக்க வேண்டும். 1845இல் பிறந்தவர். 9 வயதில் தந்தை மரம் விழுந்து இறந்தார். 12 வயதில் தாயைக் காசநோய் கொண்டுபோனது. எழுத்தறிவு மிகக் குறைவு. திருச்சிலுவைச் சபையில் அவருக்குக் கிடைத்தது நோத்ர்-தாம் கல்லூரியின் வாசல் காக்கும் வேலை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதைச் செய்தார். நோயாளிகள் கூட்டம் பெருகிக் கல்லூரியில் முணுமுணுப்பு எழுந்தபோது, எதிரே இருந்த டிராம் நிறுத்தக் கொட்டகையில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டார். ஆயிரக்கணக்கானோர் சுகம் தேடி வந்த அந்த மனிதரை வயிற்று நோய் வாழ்நாளெல்லாம் விடவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் மட்டும் போதுமா, நோயாளிக்கு வேண்டியது சுகமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பக்கத்தில் இருப்பது சுகத்துக்கு ஈடாகாது. தொங்கும் ஊன்றுகோல்களைப் பொய்யென்று தள்ளவும் வேண்டியதில்லை. ஆனால் கிறிஸ்தவன் கும்பிடும் கடவுள், "இறங்கி வா" என்று கூட்டம் கத்தியபோதும் சிலுவையிலிருந்து இறங்கவில்லை. துன்பப்படுகிறவனின் இடத்திலேயே இருந்தார். அந்த இரக்கத்தைத் தேட வேண்டிய இடமும் அதுவே.

சகோதரர் அந்திரே 1937 ஜனவரி 6ஆம் தேதி, 91 வயதில் இறந்தார். அந்தக் கடுங்குளிரில் சுமார் 10 லட்சம் பேர் வரிசையில் நின்று அவர் உடலைக் கடந்து போனார்கள். சுகம் கிடைக்காதவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள்.